முதலில் போதையா, முதலில் மனச்சோர்வா: தாய்மாமன் ஒருவரின் கேள்விக்குப் பதில்

திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒருவர் தம் தங்கை மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பையனுக்கு 16 வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறான். பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவன், ஓராண்டாக யாருடனும் சரியாகப் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், இரவில் தூங்குவதில்லை. மூன்று மாதங்களுக்கு முன் அவனுடைய பள்ளிப் பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தைத் தாய் கண்டெடுத்தார். அண்மையில், கஞ்சாவும் பிடிப்பதாகத் தாய்மாமனிடம் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறான். "மனசு சரியில்ல மாமா, இதப் போட்டாத்தான் கொஞ்சம் அடங்குது" என்பது அவன் சொன்ன காரணம். ஆறு மாதம் ஏதாவது மறுவாழ்வு மையத்தில் அடைத்துவைத்தால்தான் திருந்துவான் என்பது தந்தையின் முடிவு. முதலில் பழக்கத்தை நிறுத்துவதா, முதலில் மனத்துக்கு வைத்தியம் பார்ப்பதா, பள்ளிக்குச் சொல்லலாமா என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில், கூடுமானால் ஒரே இடத்தில், ஒரே குழுவினரிடம் பார்க்க வேண்டும். போதை மீட்புப் பிரிவில் மனநல சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் நான் அதிகம் வருத்தப்பட்டது இந்த வரிசைச் சிக்கலைப் பார்த்துத்தான். மனநல மருத்துவரிடம் போனால் "முதலில் கஞ்சாவை நிறுத்திவிட்டு வா" என்பார்கள். போதை மீட்பு மையத்துக்குப் போனால் "மனசு எல்லாம் தானாகச் சரியாகும், முதலில் பழக்கத்தை விடு" என்பார்கள். இரண்டு வாசல்களுக்கும் இடையில் நின்று களைத்த பிள்ளை மூன்றாவதாகப் பழைய நண்பர்களிடமே திரும்பிப் போய்விடுகிறான்.

அவன் உங்களிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன், போதைக்கு ஆட்பட்டவர்கள் பெரும்பாலும் இன்பத்தைத் தேடிப் போவதில்லை, தாங்க முடியாத ஏதோவொரு மனவேதனைக்குத் தாமே மருந்து போட்டுக்கொள்கிறார்கள் என்ற கருத்தை 1985இல் விரிவாக எழுதினார். உங்கள் மருமகன் படிக்காமலேயே அதைச் சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் சொன்னதில் பாதிதான் உண்மை. மறுபாதியில் அவனே ஏமாந்திருக்கிறான். கூல் லிப் என்பது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிவைக்கும் புகையிலைப் பொதி. புகை இல்லை, வகுப்பில் ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளிடம் அது இவ்வளவு பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம். அதிலுள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பழகிய உடலில் அந்த இறக்கமே எரிச்சலையும் படபடப்பையும் கவனச் சிதறலையும் கொண்டுவருகிறது. அடுத்த பொதியை வைத்ததும் அந்த எரிச்சல் தணிகிறது. "மனசு அடங்குது" என்று அவன் உணர்வதில் ஒரு பங்கு, பழைய துயரம் அடங்குவது அல்ல. சற்று முன் வைத்த பொதி உண்டாக்கிய தவிப்பு அடங்குவதுதான். அவனால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது, பெரியவர்களாலும் முடிவதில்லை.

எரிந்து விழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வு என்றதும் நம் கண்முன் வருவது மூலையில் உட்கார்ந்து அழுகிற ஓர் உருவம். வளரிளம் பருவத்தில் அது பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறிதல் கையேடே, பிள்ளைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் துயரமான மனநிலைக்குப் பதிலாக எரிச்சல் மிகுந்த மனநிலை இருந்தாலும் அதை மனச்சோர்வின் அடையாளமாகக் கொள்ளலாம் என்கிறது. அதோடு தூக்கம் கெடுவது, பசி மாறுவது, முன்பு பிடித்த விளையாட்டில்கூட ஆர்வம் போவது, கவனம் நிற்காமல் மதிப்பெண் சரிவது, தன்னால் யாருக்கும் பயனில்லை என்று நினைப்பது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போடுவதும் இதன் ஒரு முகமே. நம் வீடுகளில் இவற்றுக்குத் திமிர், சோம்பல், வயசுக் கோளாறு என்று வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம். உங்கள் கடிதத்தில் ஓராண்டு என்றும் மூன்று மாதம் என்றும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பொட்டலம் கண்ணில் பட்டது மூன்று மாதங்களுக்கு முன்தான், எரிச்சலும் தூக்கமின்மையும் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டன. பழக்கமும் நாம் பார்ப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

போதையிலிருந்து மனச்சோர்வுக்கு என்று எதிர்த்திசையிலும் பாதை உண்டு. கஞ்சா இலைதானே, இயற்கைதானே என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். 18 வயதுக்கு முன் கஞ்சா பயன்படுத்தியவர்கள் இளைஞர்களாக வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று பின்தொடர்ந்த 11 ஆய்வுகளை, மொத்தம் 23,317 பேரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2019இல் ஓர் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 1.37 மடங்காகவும், தற்கொலை எண்ணம் 1.50 மடங்காகவும், தற்கொலை முயற்சி 3.46 மடங்காகவும் இருந்தன. முதல் எண் சிறியதாகத் தோன்றலாம். கஞ்சா பிடித்த ஒவ்வொருவருக்கும் மனச்சோர்வு வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஏற்கெனவே சோர்ந்திருக்கிற பிள்ளைக்கு அது மருந்தாகாது என்பதற்கு இந்த எண்கள் போதும். நாள்தோறும் பிடித்தவன் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, மனத்தாழ்வு எல்லாம் தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பொதுவாக இரண்டு வாரங்களில் தணியும். அந்த வாரத்தில் அவனைப் பார்ப்பவர் யாராயினும், கடும் மனச்சோர்வு என்றே முடிவுகட்டிவிடுவார்.

மூன்றாவது வழியை நாம் பேசுவதே இல்லை. மனச்சோர்வும் போதையும் ஒன்றையொன்று பிறப்பிக்காமல், இரண்டுமே வேறொரு வேரிலிருந்து முளைத்திருக்கலாம். அமெரிக்காவின் சான் டியாகோவில் ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோர் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அடி உதை, பாலியல் கொடுமை, வீட்டில் குடிநோயாளி, தாய் அடிக்கப்படுவதைப் பார்த்து வளர்வது போன்ற அனுபவங்களில் நான்கோ அதற்கு மேலோ கொண்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ குடிநோயோ இருந்ததா என்று மருத்துவர் கேட்பதும் இதே காரணத்தால்தான். மரபணு வழியாகவும் இரண்டும் ஓரளவு உறவினர்களே. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறுவயதிலேயே போதைக்குள் நுழையும் பிள்ளைகளில், மனச்சோர்வைவிடக் கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறும், விதிகளை மீறும் நடத்தைக் கோளாறும் இன்னும் வலுவான முன்னறிகுறிகள் என்பதே பெரும்பாலான நீண்டகால ஆய்வுகள் காட்டுவது. ஆகவே, ஐந்தாம் ஆறாம் வகுப்புக் காலத்தில் அவன் ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளையாக இருந்தானா என்று தங்கையிடம் கேட்டு வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய தகவல்.

ஏன் இந்த வயதில் இவ்வளவு எளிதாகப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு மூளையின் வளர்ச்சி வரிசை ஒரு காரணம். வெகுமதியையும் உணர்ச்சியையும் உணரும் உட்பகுதிகள் பூப்புக் காலத்திலேயே விழித்துக்கொள்கின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. மனச்சோர்வு வந்த மூளைக்கு இயல்பான மகிழ்ச்சிகள் சப்பென்று ஆகிவிடுகின்றன. அந்த நேரத்தில், இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான டோபமைனை ஒரேயடியாக உயர்த்தும் ஒரு பொருள் கிடைத்தால் அது மட்டும்தான் வண்ணமாகத் தெரியும். எந்தப் பொருள் என்பதைக் கைக்கு எட்டும் தூரமே தீர்மானிக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே வகை, முகரும் பொருள்கள்தாம்: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. ஒயிட்னரும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் எழுதுபொருள் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். வாங்கும் சிறுவனை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

இனி, எது முதலில் வந்தது என்ற கேள்வி உண்மையாகவே பயன்படும் ஓர் இடத்துக்கு வருகிறேன். அது மாத்திரை தொடங்குவதா என்று மருத்துவர் முடிவெடுக்கும் இடம். குடிநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த 191 ஆண்களைப் பற்றி பிரவுன், ஷக்கிட் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சேரும்போது 42 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்தபின் அது 6 விழுக்காட்டினரிடமே மிஞ்சியிருந்தது. போதைப்பொருளே உண்டாக்கிய மனச்சோர்வு பெருமளவுக்குத் தானாகக் கலையும் என்பதற்கு இது நல்ல சான்று. "முதலில் நிறுத்து" என்று சொல்பவர்கள் மனத்தில் வைத்திருப்பதும் இதைத்தான். ஆனால் அவர்கள் பெரியவர்கள், மருத்துவமனையில் பாதுகாப்பாக இருந்தவர்கள். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பதினாறு வயதுப் பையனிடம் நான்கு வாரம் சுத்தமாக இருந்துவிட்டு வா என்று சொல்வது, காய்ச்சல் தணிந்தபின் மருத்துவமனைக்கு வா என்பதைப் போன்றது. நல்ல மருத்துவர் வேறொன்றைச் செய்வார். ஒரு தாளில் கோடு போட்டு, எந்த வகுப்பில் எந்த மாதம் தூக்கம் கெட்டது, எப்போது முதல் பொதி, எப்போது முதல் கஞ்சா, இடையில் எத்தனை நாள் எதுவும் இல்லாமல் இருந்தான், அப்போது மனம் எப்படி இருந்தது என்று அவனோடு சேர்ந்து குறிப்பார். எதுவும் எடுக்காத வாரங்களிலும் சோர்வு நீடித்திருந்தால், அல்லது பழக்கத்துக்கு முன்பே தொடங்கியிருந்தால், காத்திருக்கத் தேவையில்லை.

சிகிச்சையில் என்ன பயன் என்று கேட்பீர்கள். மனச்சோர்வுள்ள, 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சுமுறைச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறினர். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35. உங்கள் மருமகனைப் போல இரண்டும் சேர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வு தனியாக உண்டு. 13 முதல் 19 வயது வரை 126 பேர். எல்லோருக்கும் போதைப் பழக்கத்துக்கான பேச்சுச் சிகிச்சை, பாதிப் பேருக்கு மட்டும் அதே மாத்திரை. 16 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது மாத்திரை மனச்சோர்வின் ஓர் அளவீட்டில் கூடுதல் பயன் தந்தது, மற்றொன்றில் தரவில்லை. பழக்கத்தைக் குறைப்பதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. மாத்திரை பெறாதவர்களிலும் பலருக்கு மனச்சோர்வு குறைந்தது. 2007இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: முழுவதுமாக நிறுத்திவிட்டு வரவேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலேயே இத்தனையும் நடந்தது. மாத்திரை தொடங்கினால் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் தொகுத்த ஆய்வுகளில், மனச்சோர்வு மாத்திரை பெற்ற இளையோரில் 4 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் தற்கொலை எண்ணமோ செயலோ தோன்றியது. அந்த ஆய்வுகளில் எவரும் இறக்கவில்லை. இதற்காக மாத்திரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முதல் சில வாரங்கள் அருகிலிருந்து பார்த்து, குறித்த நாளில் மருத்துவரிடம் மறவாமல் அழைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மறுவாழ்வு மையம் என்ற தந்தையின் யோசனை கோபத்திலிருந்து வந்ததா, பயத்திலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த தந்தையர் பலரிடம் அது பயம்தான், கோபம் அதன் வெளித்தோற்றம். ஆனால் நாற்பது வயதுக் குடிநோயாளிகள் நடுவே பூட்டிவைக்கப்படும் பள்ளிப் பையன், தனக்குத் தெரியாத போதைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டு வெளியே வருவான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரை மனநல நிலையத்தில் சேர்ப்பதை விதிவிலக்கான சூழலில் மட்டுமே அனுமதிக்கிறது. வல்லுநர் இருவர் தனித்தனியாகப் பார்த்து, வெளியிலிருந்து சிகிச்சை தர முடியாது என்று ஒப்ப வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைக்க வேண்டும். உங்கள் மைத்துனர் பார்த்துவைத்திருக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, அங்கே மனநல மருத்துவர் வருகிறாரா, பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டா என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் படியேற வேண்டாம். இதற்கு மாற்றாக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். நேரில் போகும் முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416 என்ற இலவச எண்ணில் டெலிமானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் முதல் நடக்கிறது, தமிழில் பேசலாம்.

வீட்டில் என்ன பேசுவது என்பதில்தான் உங்கள் பங்கு பெரிது. தந்தையிடம் சொல்லாததை உங்களிடம் சொன்னான் என்றால், தாய்மாமன் என்ற உறவு தன் வேலையைச் செய்திருக்கிறது. "ஏன்டா இப்படிப் பண்ணின" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருப்பதில்லை. "அது உனக்கு என்ன பண்ணுது, எந்த நேரத்துல தேவைப்படுது" என்று கேட்டால் பேசுவான். இரவில் தூக்கம் வர என்பான், கூட்டாளிகளோடு இருக்கும்போது சிரிப்பு வருகிறது என்பான், கணக்குப் பாடம் புரியாத பயத்தை மறக்க என்பான். சிகிச்சை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் காட்டும். ரகசியத்தைக் காப்பேன் என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உயிர் என்று எழுதியதால் இதையும் சொல்ல வேண்டும். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று அவனிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது. கேட்டதும் பல பிள்ளைகள் அழுதுவிட்டு இலேசாகிறார்கள். சோர்வும் போதையும் சேர்ந்திருக்கும்போது, யோசனைக்கும் செயலுக்கும் இடையிலுள்ள நேரம் மிகக் குறுகிவிடுகிறது. தோட்டத்து வீடு என்றால் பூச்சிமருந்தை இன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள், பாட்டியின் மாத்திரைப் பெட்டியையும் சேர்த்து. ஆம் என்று அவன் சொன்னால் அன்றிரவு தனியே படுக்க விடாமல், விடிந்ததும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எப்படிச் செய்வது என்பதுவரை யோசித்துவைத்திருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பழக்கம் ஒரே நாளில் நிற்காது. இரண்டு வாரம் நிறுத்தி ஒரு நாள் மறுபடி எடுத்தால், மருந்து தோற்றது என்றும் பிள்ளை ஏமாற்றினான் என்றும் வீடு கொந்தளிக்கும். அந்த ஒரு நாளுக்கு முன் என்ன நடந்தது என்பதுதான் மருத்துவருக்கு வேண்டிய செய்தி. பள்ளி முடிந்து இருட்டும்வரை உள்ள மூன்று மணி நேரத்தையும் கவனியுங்கள். ஐஸ்லாந்தில் 1998இல், 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. அறிவுரையைவிட, மாலைநேர விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்ததும் பெற்றோர் அந்த நேரத்தில் பிள்ளைகளோடு இருந்ததும் அங்கே வேலை செய்தன. அது சிறிய, செல்வமுள்ள நாடு. நம்மால் அப்படியே எடுத்துவர முடியாது. ஆனால் அவன் பத்தாம் வகுப்புக்காக நிறுத்திய கைப்பந்தோ சிலம்பமோ ஏதாவது இருந்தால், அதை மறுபடி தொடங்கிவைக்கக் காசு தேவையில்லை.

பள்ளிக்குச் சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். முழுக்கதையையும் தலைமையாசிரியரிடம் எடுத்த எடுப்பில் கொட்ட வேண்டாம்; பல பள்ளிகள் இதைக் கண்டதும் மாற்றுச் சான்றிதழைக் கையில் எடுக்கின்றன, பள்ளியை இழந்த பிள்ளைக்குப் போதை இன்னும் எளிதாகிறது. அவனுக்குப் பிடித்த ஓர் ஆசிரியரிடம், அவனுக்குத் தெரிந்தே, உடல்நலம் சரியில்லாமல் சிகிச்சை பெறுகிறான், வருகையிலும் தேர்விலும் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்ற அளவில் பேசுங்கள். யார் விற்கிறார்கள் என்பது வேறு விஷயம். சிறுவருக்குப் போதைப்பொருளோ புகையிலைப்பொருளோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதே குற்றம். கடையைப் பற்றிப் புகார் கொடுக்கலாம், பையன் பெயரைச் சொல்லாமலே கொடுக்கலாம். காவல்துறைக்குத் தெரிந்தால் அவன்மேல் வழக்கு வருமோ என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு, பயன்படுத்தியது, சிறிய அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. இந்த வரியை உங்கள் மைத்துனரிடம் படித்துக் காட்டுங்கள். மையத்தைத் தேடி அவர் அலைவதில் இந்தப் பயமும் கலந்திருக்கலாம்.